எர்த் பின்னை வெட்டியதும் இரைச்சல் நின்றது, அப்புறம் ஷாக் அடித்தது

திருவொற்றியூரிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 34, கடற்கரையை ஒட்டி வீடு. கல்யாணம், கோயில் திருவிழா, தேவாலய ஆராதனை, கட்சிக் கூட்டம் என எதுவாக இருந்தாலும் நான்கு கேமரா போட்டு நேரலை செய்து கொடுப்பது தொழில். கேமராக்காரர்களோடு பேச இதுவரை வாக்கி டாக்கிதான் வைத்திருந்தார். மூடப்பட்ட ஒரு ஸ்டுடியோவின் சாமான்கள் விலைக்கு வந்தபோது, நான்கு சேனல் உள்ள இன்டர்காம் மெயின் ஸ்டேஷன், நான்கு பெல்ட்பேக் (கேமராக்காரர் இடுப்பில் மாட்டும் சிறு பெட்டி), ஹெட்செட்டுகள், வரிசையாகப் பட்டன்கள் உள்ள இன்னொரு பேனல் என எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கிவிட்டார். கையேடு எதுவும் கூட வரவில்லை.

முதலில் ராயபுரத்தில் ஒரு தேவாலய நிகழ்ச்சி. ஹெட்செட்டில் ‘ங்ங்’ என்று ஓயாத இரைச்சல். அங்கிருந்த எலக்ட்ரீஷியன் மெயின் ஸ்டேஷன் பேனலின் மூன்று பின் பிளக்கை எடுத்து எர்த் பின்னை வெட்டிவிட, இரைச்சல் நின்றுவிட்டது. அடுத்தது ஒரு கோயில் திருவிழா, லேசான தூறல். கிரேன் கேமராவில் இருந்தவன் வாசகரின் அக்கா மகன், வயது 19. கோயில் என்பதால் வெறுங்காலோடு ஈரக் கல் தரையில் நின்றிருக்கிறான். ஒரு கையில் கிரேன் கம்பி. மறு கையால் ஹெட்செட் மைக்கை வாய்ப்பக்கம் இழுத்தபோது உதட்டில் சுரீரென்று ஷாக். உதறிவிட்டு விலகிவிட்டான், வேறொன்றும் ஆகவில்லை.

அவர் கேட்பவை இவை: “இது 30 வோல்ட் சாமான், இதில் ஷாக்கே அடிக்காது, கேமரா அடாப்டரில்தான் கோளாறு என்று நண்பர் சொல்கிறார். உண்மையா? இன்னொரு பேனலில் நெட்வொர்க் சாக்கெட் இருக்கிறது. சிசிடிவிக்கு வைத்திருக்கும், நெட்வொர்க் கேபிளிலேயே கரண்டும் அனுப்பும் பிஓஇ ஸ்விட்ச்சில் செருகினால் ஓடுமா? பெட்டியை நானே திறந்து பார்க்கலாமா? பையனுக்கு நிகழ்ச்சி முடிந்த பிறகு காதில் ‘கொய்ங்’ என்று சத்தம் கேட்கிறதாம். அக்கா இனி அனுப்ப மாட்டேன் என்கிறாள். ஏதாவது ஆகியிருந்தால் என் மேல் கேஸ் வந்திருக்குமா? எல்லாவற்றையும் விற்றுவிடச் சொல்கிறாள் மனைவி. பங்குனியில் இரண்டு நிகழ்ச்சி ஒப்புக்கொண்டிருக்கிறேன், சார்.”

தம்பி,

பையன் நன்றாக இருக்கிறான் என்ற வரியைத் தேடிப் பிடித்துப் படித்துவிட்டுத்தான் கடிதத்தின் மேல்பகுதிக்குத் திரும்பினேன். நேரலை வண்டிகளிலும் ஸ்டுடியோக்களிலும் மின் இணைப்பும் ஆடியோ லைனும் பார்த்தே என் வேலைக்காலம் போயிற்று. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நீங்கள் வாங்கியது கெட்ட சாமான் இல்லை. ஒழுங்காகப் பொருத்தினால் இன்னும் பல வருடம் உழைக்கும். ஆனால் கீழே சொல்லும் சோதனைகள் முடியும் வரை, அந்தச் சோதனைக்காகத் தவிர, அதற்குக் கரண்ட் கொடுக்காதீர்கள். ஒத்திகைக்குக்கூட வேண்டாம்.

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. மெயின் ஸ்டேஷனிலிருந்து பெல்ட்பேக்குக்குப் போவது சுமார் 30 வோல்ட் டிசிதான். அது மட்டும் உடம்பில் பட்டால் சாதாரணமாக ஒன்றும் ஆகாது. அவர் விட்டுவிட்டது அந்தப் பெட்டிக்குள் நுழையும் 230 வோல்ட்டை. அதைவிட முக்கியமான இன்னொன்றையும் விட்டுவிட்டார். இன்டர்காம் கேபிள் இரண்டு இடத்து மின் இணைப்புகளைத் தொட்டுக்கொண்டு போகிறது. பேனல் ஒரு சாக்கெட்டில், கிரேன் வேறொரு சாக்கெட்டில், மைக்செட் ஜெனரேட்டரில். இந்த மூன்றின் உலோக உடம்பையும் கேபிளின் ஷீல்டு (உள்ளே ஒயர்களைச் சுற்றியிருக்கும் உலோக வலை) ஒன்றாகச் சேர்த்து, ஒரு மனிதனின் வாயருகே கொண்டுபோய் நிறுத்துகிறது. எங்கே கோளாறு இருந்தாலும் அது அவன் உதட்டில்தான் தெரியும்.

வெட்டிய பின் என்ன செய்தது

மூன்று பின் பிளக்கில் எர்த் பின் மட்டும் நீளமாகவும் தடிமனாகவும் இருக்கும். செருகும்போது முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விலக வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். பெட்டிக்குள் பேஸ் ஒயர் கழன்று உலோக உடம்பில் பட்டால், கரண்ட் எர்த் வழியாகப் பாய்ந்து எம்.சி.பி. உடனே ட்ரிப் ஆகும், அல்லது பியூஸ் அறுந்துவிடும். பின்னை வெட்டிவிட்டால் அந்த வழி இல்லை. பெட்டியின் உடம்பு 230 வோல்ட்டில் நின்றுகொண்டே இருக்கும், எதுவும் ட்ரிப் ஆகாது. பல மெயின் ஸ்டேஷன்களில் இன்டர்காம் கேபிள் கனெக்டரின் 1ஆம் பின் (கிரவுண்ட்) பெட்டியின் உடம்போடு சேர்ந்திருக்கும். உங்களுடையதும் அப்படி என்றால், அந்த 230 வோல்ட் நான்கு பெல்ட்பேக்குக்கும் போய்ச் சேரும்.

கோளாறே இல்லாத பெட்டியிலும் ஒரு விஷயம் நடக்கும். உள்ளே ஸ்விட்சிங் பவர் சப்ளை இருந்தால், பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உடம்புக்குச் சின்னச் சின்ன கெபாசிட்டர்கள் வைத்திருப்பார்கள். எர்த் இருக்கும்வரை அவற்றில் கசியும் கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் பெட்டியின் உடம்பு சப்ளையில் பாதி, அதாவது 115 வோல்ட் பக்கத்தில் மிதக்கும். டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரியும். கசிவு மிகக் குறைவு என்பதால் பெரும்பாலும் வெறும் சுருக்குதான். மனிதனுக்கு அரை மில்லி ஆம்பியரிலேயே உணர்வு தெரியும், ஈர உதட்டில் இன்னும் சீக்கிரம் தெரியும். 10 மில்லி ஆம்பியர் அளவில் பிடித்த கையை விடமுடியாமல் போகலாம். 30ஐத் தாண்டினால் மூச்சும் இதயமும் ஆபத்தில். பையன் கையை உதற முடிந்தது என்பதிலிருந்து, பட்டது சிறிய அளவு அல்லது கண நேரம் என்று ஊகிக்கலாம். அடுத்த தடவையும் அப்படியே இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

இப்போது செய்ய வேண்டியது எளிது. பெரும்பாலான பேனல்களில் பவர் கார்டு தனியாகக் கழன்று வரும், கம்ப்யூட்டருக்குப் போடுவது மாதிரி. ஐஎஸ்ஐ முத்திரை உள்ள புதிய கார்டு வாங்குங்கள். பழையதைக் குப்பையில் போடுமுன் நடுவில் இரண்டாக வெட்டிவிடுங்கள். முழுதாகப் போட்டால் உங்கள் பையன்களில் யாராவது அவசரத்துக்கு எடுத்து மாட்டுவான், எனக்கு நன்றாகத் தெரியும்.

கையோடு உங்கள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாவற்றையும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறந்து பாருங்கள். மேலே மூன்று ஓட்டை, உள்ளே இரண்டே ஒயர் என்று விற்கும் பாக்ஸ்கள் ஏராளம். அதில் செருகினால் முழு பிளக்கும் வெட்டிய பிளக்கும் ஒன்றுதான்.

ஷாக் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது?

வெட்டிய பின்னையே குற்றவாளி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இரண்டு வழி இருக்கிறது. பேனல் பக்கத்துக் கசிவு ஹெட்செட் வழியாக வந்து, பையன் உடம்பில் இறங்கி, ஈரத் தரைக்கோ கிரேனுக்கோ போயிருக்கலாம். அல்லது கிரேனில்தான் கரண்ட் ஏறியிருந்து, அவன் உதடு ஹெட்செட்டைத் தொட்டதும் வழி கிடைத்திருக்கலாம். திருவிழாப் பந்தலில் இரண்டாவதும் சாதாரணமாக நடக்கக் கூடியது. சீரியல் லைட் ஒயரை இரும்புக் குழாயில் சுற்றி, ஜாயின்ட்டுக்கு மேல் ஒரு சுற்று டேப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். தூறல் போட்டால் குழாயும் அதில் சாய்ந்திருக்கும் எல்லாமும் உயிர் பெற்றுவிடும். உங்கள் நண்பர் சந்தேகப்படும் அடாப்டரும் இந்த வகையில்தான் வரும், ஆகவே அவரை முழுக்கத் தள்ளவும் முடியாது.

எதுவென்று கண்டுபிடிக்க, உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் ஒருவரை வைத்து இரண்டு சோதனை செய்யுங்கள். முதலாவது, பேனலை சாக்கெட்டிலிருந்து பிடுங்கிவிட்டு, புதிய கார்டின் எர்த் பின்னுக்கும் பெட்டியின் பெயிண்ட் இல்லாத உலோகப் பகுதிக்கும் இடையே மல்டிமீட்டரில் ஓம் பார்ப்பது. ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும். கிரேனில் உள்ள மானிட்டர், அடாப்டர் எல்லாவற்றையும் இதே போலப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு பின் அடாப்டருக்கு இந்தச் சோதனை செல்லாது. அதன் இன்சுலேஷனைத் தனியாகச் சோதிக்க வேண்டும், ஒயரில் வெடிப்பு இருந்தால் மாற்றிவிட வேண்டும். இந்த வேலைக்கு மெக்கரை (இன்சுலேஷன் சோதிக்கும் கருவி) எடுத்துக்கொண்டு வந்து இன்டர்காம் லைனில் வைத்துவிடப் போகிறார், ஜாக்கிரதை. அதன் 500 வோல்ட் உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக்ஸைத் தீர்த்துவிடும். பேனலின் இன்சுலேஷன் சோதனையை சர்வீஸ் சென்டரிடம் விட்டுவிடுங்கள்.

இரண்டாவது சோதனையை ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் பவர் கொடுத்த பிறகு, பெல்ட்பேக் கேபிளைக் கிரேன் பக்கம் கொண்டுபோய், எதிலும் செருகாமல், கேபிளின் 1ஆம் பின்னுக்கும் கிரேன் கம்பிக்கும் இடையே ஏசி வோல்ட் பாருங்கள். ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த ஹெட்செட்டை யாரும் மாட்டக்கூடாது. காரணம் தெரிந்த பிறகுதான் மறுபடி. டெஸ்டர் ஸ்க்ரூ டிரைவரை மட்டும் நம்பி இதைச் செய்யாதீர்கள். அது சின்னக் கசிவுக்கும் எரியும், சில சமயம் நிஜமான ஆபத்துக்கு எரியாமலும் இருக்கும். நீங்கள் எதன் மேல் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது.

அப்போ இரைச்சல்?

எர்த்தை வெட்டியதும் நின்ற இரைச்சல், நமக்குக் காரணத்தையும் சொல்லிவிட்டது. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பேனலுக்கு ஒரு எர்த், மைக்செட் மிக்ஸருக்கு வேறொரு எர்த், இரண்டையும் ஒரு ஆடியோ கேபிளின் ஷீல்டு இணைக்கிறது என்றால், அந்த வட்டத்தில் சிறு கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். அதுதான் காதில் ‘ங்ங்’. தேவாலயத்தில் மிக்ஸரிலிருந்து பாட்டும் பிரசங்கமும் ஹெட்செட்டில் கேட்க வேண்டும் என்று பேனலின் புரோகிராம் உள்ளீட்டுக்கு ஒரு லைன் கொடுத்திருப்பீர்கள். உங்கள் கடிதத்தில் அது இல்லை, ஆனால் கிட்டத்தட்ட எல்லோரும் கொடுப்பார்கள். அந்த ஒரு கேபிளை மட்டும் பிடுங்கிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் வட்டம் அங்கேதான்.

பரிகாரம், அந்த லைனின் நடுவில் ஒன்றுக்கு ஒன்று ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டுப் பாருங்கள், 600 ஓம் வகை. ஆடியோ போகும், கம்பித் தொடர்பு அறுந்துவிடும், எர்த்தைத் தொடவே வேண்டாம். இதை புரோகிராம் லைனில் மட்டும் போடுங்கள். பெல்ட்பேக் லைனில் போட்டால் டிசி கடக்காது, பெல்ட்பேக் செத்துப்போகும். பேனலின் பின்புறம் கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச் ஏதாவது இருந்தால் அதையும் முயன்று பார்க்கலாம். அது ஆடியோ கிரவுண்டைத்தான் உடம்பிலிருந்து பிரிக்கிறது, பவர் எர்த்தை இல்லை.

புரோகிராம் லைனைப் பிடுங்கியும் நிற்கவில்லை என்றால் கேபிள்களைப் பாருங்கள். எல்லோரும் ஒரே லைனில் பேசும் இந்த வகை பார்ட்டிலைனில் 1ஆம் பின் கிரவுண்ட், 2ஆம் பின்னில் பவர், 3ஆம் பின்னில் பேச்சு. வேறு சில தயாரிப்புகளில் 2ஆம் பின்னிலேயே ஒரு சேனல் பேச்சும் சேர்ந்து வரும். கனெக்டரின் உலோகக் கூட்டை 1ஆம் பின்னோடு சேர்த்து பற்ற வைத்திருந்தால் பிரித்துவிடுங்கள். மைக் கேபிள் செய்து பழகிய கை இதைத் தானாகச் செய்துவிடும். அப்படிச் செய்த கூடு கிரேன் கம்பியில் உரசினால் புதிதாக ஒரு எர்த் வட்டம் உருவாகிறது. அப்புறம் இந்த லைன் பேலன்ஸ்டு இல்லை, எளிதில் இரைச்சலை வாங்கிக்கொள்ளும். டிம்மர், எல்இடி திரை இவற்றின் பவர் கேபிளோடு சேர்த்துக் கட்டி இழுக்காதீர்கள். குறுக்கே போய்த்தான் ஆக வேண்டும் என்றால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

இதையெல்லாம்விட நல்லது, உங்கள் மொத்த செட்டுக்கும் கரண்ட் ஒரே இடத்திலிருந்து வருவது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் சப்ளையை வெட்டும் கருவி) வைத்த ஒரு டிஸ்ட்ரிபியூஷன் பாக்ஸ் செய்துகொள்ளுங்கள். கேமரா ஷாட் மாற்றும் ஸ்விட்சர், பேனல், கிரேன் எல்லாம் அதிலிருந்தே எடுக்கட்டும். கிரேன் தூரமாக இருந்தால் மூன்று கோர் பவர் கேபிளை இங்கிருந்தே இழுங்கள், பக்கத்துப் பந்தல்காரரின் பாக்ஸில் செருக வேண்டாம். ஆர்.சி.சி.பி. இருக்கிறதே, எர்த் எதற்கு என்று யாராவது கேட்பார்கள். எர்த் இருந்தால் கோளாறு வந்த உடனே ட்ரிப் ஆகும். எர்த் இல்லாவிட்டால் ஒரு ஆள் தொட்டு, அவர் உடம்பு வழியே கரண்ட் போன பிறகுதான் ட்ரிப் ஆகும். ஜெனரேட்டரில் ஓட்டும்போது அதன் நியூட்ரல் எர்த்தோடு இணைந்திருக்கிறதா என்று ஜெனரேட்டர்காரரிடம் கேளுங்கள். இணையாவிட்டால் எர்த் ஃபால்ட் வந்தாலும் ஆர்.சி.சி.பி. பேசாமல் இருக்கும். நியூட்ரல் கழன்றால் இன்னொரு தொல்லை: மூன்று பேஸ் சப்ளையில் உங்கள் 230 வோல்ட், 400ஐ நோக்கி ஏறிவிடும். வோல்டேஜ் தாண்டினால் வெட்டும் கருவி ஒன்றை அதே பாக்ஸில் சேர்த்துவிடுங்கள்.

அந்த இன்னொரு பேனல்

பிஓஇ ஸ்விட்ச்சில் செருகாதீர்கள். நெட்வொர்க் சாக்கெட் மாதிரி இருப்பதெல்லாம் நெட்வொர்க் இல்லை. பழைய மேட்ரிக்ஸ் (யாரோடு பேசுவது என்று பட்டனால் தேர்வு செய்யும் வகை) இன்டர்காம் பேனல்களில் அதே வடிவச் சாக்கெட்டில் அனலாக் ஆடியோவும் ஆர்எஸ் 422 டேட்டாவும்தான் போகும். முறையான பிஓஇ ஸ்விட்ச் எதிர்முனையைச் சோதித்துப் பார்த்து, பொருத்தமானதாக இருந்தால்தான் கரண்ட் கொடுக்கும். ஆனால் சிசிடிவி கடைகளில் கிடைக்கும் மலிவான இன்ஜெக்டர்கள் எதையும் கேட்காமல் 24 அல்லது 48 வோல்ட்டைத் தள்ளிவிடும். ஆடியோ சர்க்யூட் தாங்காது. புதிய ஐபி வகைப் பேனல்கள் சில நிஜமாகவே பிஓஇயில் ஓடும், பின்புற லேபிளில் அது எழுதியிருக்கும். எழுதவில்லை என்றால் இல்லை என்றே கொள்ளுங்கள்.

கொஞ்சம் வருத்தமான செய்தியும் உண்டு. பட்டன் வரிசை உள்ள அந்தப் பேனல் உங்கள் மெயின் ஸ்டேஷனோடு பேசாது. அது மேட்ரிக்ஸ் ஃபிரேம் என்ற பெரிய பெட்டியோடு சேர்ந்து இயங்கும் முனை மட்டுமே. ஸ்டுடியோவில் அந்த ஃபிரேம் இருந்திருக்கும், உங்களுக்கு வரவில்லை. நான்கு கேமராவுக்கு மேட்ரிக்ஸ் தேவையும் இல்லை. உங்கள் மனைவி விற்கச் சொன்னதில் இந்த ஒன்றை விற்கலாம். அந்தத் தயாரிப்பு மேட்ரிக்ஸ் வைத்திருக்கும் ஸ்டுடியோவுக்கு உதிரியாகப் பயன்படும்.

பொருத்தும்போதும் ஓட்டும்போதும்

பெட்டியைத் திறக்கலாமா என்றால், வேண்டாம். 230 வோல்ட் ஏசியைத் திருத்தினால் 325 வோல்ட் டிசி வரும். ஸ்விட்சிங் சப்ளையின் கெபாசிட்டர் அதைப் பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கொஞ்ச நேரம் வைத்திருக்கும். வெளியிலிருந்து மாற்றக்கூடிய பியூஸ் மட்டும் உங்கள் வேலை. அதுவும் எழுதியிருக்கும் அதே ஆம்பியர், அதே வகை. ஒரு தடவைக்கு மேல் போனால் பியூஸில் குறை இல்லை, உள்ளே கோளாறு. வெளிநாட்டுச் சரக்காக இருந்தால் பின்புறம் 115, 230 என்று மாற்றும் ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். 115இல் வைத்து நம் சாக்கெட்டில் செருகினால் அன்றே கதை முடிந்தது.

கடற்கரையை ஒட்டி வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். திருவொற்றியூர், காசிமேடு, எண்ணூர்ப் பக்கம் உப்புக் காற்று எலக்ட்ரானிக்ஸுக்குப் பெரிய எதிரி. பின்களில் பச்சை பூத்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் போட்டுத் துடையுங்கள், முற்றிப்போனதை மாற்றுங்கள். உப்பு படிந்த போர்டு ஈரக் காற்றில் கசிய ஆரம்பிக்கும். மூடி இறுகும் பெட்டியில் சிலிகா ஜெல் போட்டு வைப்பது நல்லது. ஏசி அறையிலிருந்து எடுத்து வந்து உடனே ஆன் செய்யாதீர்கள், உள்ளே வேர்த்திருக்கும். அரை மணி, ஒரு மணி வெளியில் இருக்கட்டும். ரேக்கில் மேலும் கீழும் காற்றோட்டம் விட்டுப் பொருத்துங்கள், சித்திரை வைகாசியில் பந்தலுக்குள் சூடு எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

இன்டர்காம் கேபிளுக்குச் சிவப்பு டேப் சுற்றிவிடுங்கள். பார்க்க மைக் கேபிள்தான். அவசரத்தில் அதை மிக்ஸரின் மைக் உள்ளீட்டில் செருகினால் 30 வோல்ட் உள்ளே போகும். மிக்ஸர் மைக்குக்காக அனுப்பும் 48 வோல்ட் ஃபாண்டம் பவர் இன்டர்காமுக்குள் வரவும் கூடாது. ஒவ்வொரு சேனலுக்கும் ஒரே ஒரு டெர்மினேஷன்தான் (லைனை முடித்து வைக்கும் ரெசிஸ்டர்), 200 ஓம். அது பெரும்பாலும் மெயின் ஸ்டேஷனிலேயே இருக்கும். இரண்டு ஆனால் சத்தம் குறையும், ஒன்றும் இல்லாவிட்டால் ஊளையிடும். மழை மேகம் கூடினால், இரண்டு கட்டடங்களுக்கு இடையே தொங்கும் செம்புக் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். அந்த மாதிரி தூரத்துக்கு ஃபைபரோ வயர்லெஸ்ஸோதான் முறை.

ஓட்டும் ஆளுக்கு ஒரே ஒரு பழக்கம் சொல்கிறேன். டாக் பட்டனைப் பூட்டி வைக்காமல், அழுத்திப் பேசி விடச் சொல்லுங்கள். ஒருவர் மைக் திறந்தே கிடந்தால் கோயில் மேளம் முழுக்க எல்லோர் காதிலும் கொட்டும், முக்கியமான எச்சரிக்கை கேட்காது. ஆபத்து என்றால் என்ன சொல்வது என்றும் முன்னாலேயே பேசி வையுங்கள். ‘கட்’ என்று கத்தினால் ஸ்விட்சரில் இருப்பவர் ஷாட்டைத்தான் மாற்றுவார். ‘பவர் ஆஃப்’ என்று வைத்துக்கொள்ளலாம். அதைக் கேட்டவுடன் எந்த எம்.சி.பி.யை யார் இறக்க வேண்டும் என்பதும் முடிவாகியிருக்க வேண்டும். ஷாக் வாங்கிக்கொண்டிருப்பவரைக் கையால் இழுக்கக் கூடாது என்று பையன்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். முதலில் பவர், பிறகுதான் ஆள்.

பையனின் காது

இதை நீங்கள் கடைசியில் ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இது ஷாக்குக்குச் சமமாகவே படுகிறது. வேலையிடச் சத்தத்துக்கு உலகில் பரவலாகப் பின்பற்றும் ஒரு கணக்கு: 85 டெசிபெல் என்றால் 8 மணி நேரம். அதிலிருந்து 3 டெசிபெல் ஏற ஏற நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லில் மொத்தமே 15 நிமிடம்தான். தவில், பேண்டு, வெடி நடுவில் நிற்கும் பையன் பேச்சு கேட்க வேண்டும் என்று பெல்ட்பேக்கை முழுக்கத் திருப்பி வைத்திருப்பான், அதுவும் பல மணி நேரம். ஒரு காது திறந்திருக்கும் ஹெட்செட்டை விட்டுவிட்டு, இரண்டு காதையும் இறுக்கமாக மூடும் வகை கொடுங்கள். வெளிச் சத்தம் அடங்கினால் வால்யூம் தானாகக் குறையும். புரோகிராம் ஒலியைக் கிரேன் சேனலில் கொடுக்கவே வேண்டாம், அவனுக்கு இயக்குநர் குரல் போதும். ஆனால் இரண்டு காதும் மூடியவனுக்குப் பின்னால் வரும் கூட்டம் தெரியாது, பக்கத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும்.

சத்தம் இரண்டு நாளுக்கு மேல் நீடிக்கிறது, அல்லது ஒரே காதில் கேட்கிறது என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். உங்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கம்தான். திடீரென்று ஒரு காது மந்தமானால் அன்றே போக வேண்டும், தள்ளிப் போட்டால் திரும்பப் பெறுவது கடினம். ஷாக் விஷயத்திலும், அன்றைக்குப் பிறகு படபடப்பு, மயக்கம், நெஞ்சு வலி ஏதாவது வந்ததா என்று அவனிடம் நீங்களே கேளுங்கள். மாமாவிடம் சொன்னால் வேலைக்கு வரவிட மாட்டார் என்று மறைத்திருக்கலாம். வந்திருந்தால் ஒரு இசிஜி எடுத்துவிடுங்கள்.

கேஸ் வருமா?

நான் வக்கீல் இல்லை, எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். வேலை செய்யும்போது நேரும் விபத்துக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்ற சட்டம் நம் நாட்டில் 1923லேயே வந்தது. சொந்தக்காரன், தினக்கூலி, எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்பதெல்லாம் உங்களைத் தானாகக் காப்பாற்றிவிடும் என்று நினைக்காதீர்கள். மின் விபத்தில் உயிரோ உடம்போ சேதமானால், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி தகவல் கொடுப்பதும் மின் ஆய்வாளர் விசாரிப்பதும் உண்டு. அந்த விசாரணையில் முதலில் கண்ணில் படுவது வெட்டப்பட்ட பின்னாகத்தான் இருக்கும். வெட்டியவர் தேவாலயத்து எலக்ட்ரீஷியன்தான், ஆனால் அதைத் தெரிந்தே அடுத்த நிகழ்ச்சிக்கு எடுத்துப் போனது நீங்கள். இதை உங்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. குழுவில் எல்லோருக்கும் விபத்துக் காப்பீடு எடுங்கள். ஒயரிங் வேலையை உரிமம் உள்ளவரிடம் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் பார்த்த வோல்ட் அளவை ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள்.

அக்காவிடம் பையனை அனுப்பு என்று வற்புறுத்தாதீர்கள். நடந்ததை மறைக்காமல் சொல்லி, புதிய கார்டையும் பாக்ஸையும் காட்டி, அவன் வருவதை அவனும் அவளும் முடிவு செய்யட்டும். பங்குனி நிகழ்ச்சிகளுக்குப் பழைய வாக்கி டாக்கியே போதும், காதில் மாட்டும் இயர்பீஸ் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்குள் சோதனை முடிந்து, டிரான்ஸ்ஃபார்மரும் ஆர்.சி.சி.பி. பாக்ஸும் தயாராகிவிட்டால், இன்டர்காமை முதலில் மழை இல்லாத நாளில், மண்டபத்துக்குள் நடக்கும் சிறிய நிகழ்ச்சி ஒன்றில் ஓட்டிப் பாருங்கள். வீட்டு மொட்டை மாடியில் வைத்துச் சோதிக்கலாம் என்று தோன்றும். அந்த வீட்டு சாக்கெட்டில் எர்த் வேலை செய்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.